கிளட்ச் ஹோஸ் அறுத்த பெட்ரோல் பைப்: வீட்டில் கட்டிய காரில் நடந்த ஒரு கசிவின் நிகழ்வு ஆய்வு

முதலில் தெரிந்தது வாசனைதான். ஓட்டி முடித்து, இன்ஜினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றும் நேரத்தில் லேசாக மூக்கில் ஏறும் பெட்ரோல் வாசனை. ஒரு நிமிடம் இருக்கும், அப்புறம் போய்விடும். ஓடும்போது சுத்தமாக இல்லை. கூரை இல்லாத இரண்டு இருக்கை வண்டி. ஓடும்போது காற்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும் என்பது அப்போது உறைக்கவில்லை. 'புது வண்டி, கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தை நம்பி ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

வண்டியைப் பற்றி. சதுர எஃகுக் குழாய்களை வெல்டிங் செய்து கட்டிய சேஸிஸ். இன்ஜின் முன்னால், உந்துவது பின்சக்கரம். இன்ஜின் ஒரு பழைய சிறிய காரிலிருந்து எடுத்தது. நான்கு சிலிண்டர், இன்ஜெக்டர் வகை. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பங்கிடும் குழாய்தான் ரெயில், அதில் அழுத்தம் 3 பார் (ஒரு பார் ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). பெட்ரோல் டேங்க் இருக்கைகளுக்குப் பின்னால். ஆக, பெட்ரோல் வண்டியின் நீளம் முழுக்கக் கடந்து முன்னே போக வேண்டும். இன்ஜின் குடித்தது போக மீதி அதே தூரம் திரும்பி வர வேண்டும்.

இடையில் இருப்பது நடு டனல், இருக்கைகளுக்கு நடுவே ஓடும் மூடிய கால்வாய். அதற்குள் கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட். கட்டும்போது பைப்புக்கு டனலே சரியான இடம் என்று முடிவு செய்தேன். நேர் கோடு, கல் அடிக்காது, கண்ணுக்குத் தெரியாது. மூன்றும் உண்மைதான். அதே மூன்று காரணங்களுக்காக மற்ற எல்லாவற்றையும் அதே டனலில் விட்டதுதான் தப்பு. பேட்டரி பின்னால் இருந்ததால் ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிள், பின்விளக்கு வயர்கள், ஹேண்ட்பிரேக் கேபிள், முன் பகுதியில் கியர்பாக்ஸுக்குப் போகும் கிளட்ச் ஹோஸ். எல்லாவற்றையும் கேபிள் டை போட்டு ஒரே கட்டாகக் கட்டினேன். பார்க்க அவ்வளவு நேர்த்தி. படம்கூட எடுத்து வைத்திருந்தேன்.

தேடிய விதம்

முதல் சந்தேகம் டேங்க் மூடி மீதும் காற்றுப்போக்கி ஹோஸ் மீதும். அந்த ஹோஸின் முனை இருக்கைக்குப் பின்னாலேயே முடிந்திருந்தது. அதை நீட்டி வண்டிக்கு அடியில் விட்டேன். மூன்று நாள் வாசனை குறைந்த மாதிரி இருந்தது. குறையவில்லை, அந்த மூன்று நாளும் வெளியே நல்ல காற்று. மூக்கை மட்டும் வைத்துக்கொண்டு கசிவு தேடக் கூடாது என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். சில நிமிடங்களிலேயே அதற்கு வாசனை பழகிவிடும்.

அடுத்து ரெயிலில் ஒரு பிரஷர் கேஜ் மாட்டினேன். பம்பை ஓடவிட்டால் முள் 3 பாரில் நின்றது. பம்பை அணைத்ததும் ஒரு நிமிடத்துக்குள் பூஜ்யம். இதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. பம்பிலுள்ள ஒருவழி வால்வு பின்னே விட்டிருக்கலாம், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் விட்டிருக்கலாம், இன்ஜெக்டர் சொட்டியிருக்கலாம். அதனால் ஒவ்வொரு பகுதியாகப் பிரித்துப் பார்த்தேன். பைப்பின் இரண்டு முனையிலும் ரப்பர் ஹோஸ் இருந்தது உதவியது. வழவழப்பான தாடை உள்ள கிளாம்ப் கொண்டு அவற்றை நெரித்து மூடலாம். எஃகுப் பின்னல் ஹோஸில் இதைச் செய்யவே கூடாது. பின்னல் மடிந்தால் நிமிராது.

பம்புக்கு அடுத்த ஹோஸை நெரித்தேன். அழுத்தம் அப்போதும் இறங்கியது. பம்ப் வால்வு குற்றவாளி இல்லை. திரும்பும் ஹோஸை நெரித்தேன், இறங்கியது. ரெகுலேட்டரும் இல்லை. கடைசியாக ரெயிலுக்கு முந்தைய ஹோஸை நெரித்தபோது முள் இருபது நிமிடம் அசையவில்லை. இன்ஜெக்டரும் தப்பித்தது. மிச்சம் இருந்தது டனலுக்குள் போகும் ஒன்றரை மீட்டர் பைப் மட்டும். வாசனை ஒரு நிமிடத்தில் மறைந்ததற்கும் விடை அதே கேஜில் இருந்தது: அழுத்தம் இருக்கும்வரை கசிவு, அழுத்தம் தீர்ந்ததும் கசிவும் தீர்ந்தது.

கண்டது

இருக்கைகளைக் கழற்றி டனல் மூடியைத் திறந்தபோது ஈரம் எங்கேயும் இல்லை. டீசலோ எண்ணெயோ கசிந்தால் கறை காட்டிக்கொடுக்கும். புதுப் பெட்ரோல் பறந்துவிடும். காட்டிக்கொடுத்தது தூசிதான்: டனல் தரையில் எல்லா இடத்திலும் படிந்த தூசி, ஓரிடத்தில் மட்டும் கழுவி விட்டாற்போல் விரல் அகலத்துக்குக் காணோம்.

அதற்கு நேர் மேலே கிளட்ச் ஹோஸ் பெட்ரோல் பைப்பைக் குறுக்கே கடந்தது. கிளட்ச் ஹோஸ் எஃகுப் பின்னல் போட்டது. வண்டியில் நான் மிகவும் பெருமைப்பட்ட சாமான்களில் ஒன்று. பெட்ரோல் பைப் 8 மி.மீ. அலுமினியம், சுவர்த் தடிமன் 1 மி.மீ. ஹோஸின் ஒரு முனை சேஸிஸில், மறு முனை கியர்பாக்ஸில். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்ட் மீது சற்றே புரளும். அந்த இடத்தில் ஹோஸ் 2, 3 மி.மீ. முன்னும் பின்னும் போய் வந்திருக்கிறது. எஃகுப் பின்னல் என்பது வளைகிற அரம். 1,100 கிலோமீட்டரில் அது அலுமினியத்தை அரைவட்டமாக அறுத்திருந்தது. பள்ளத்தைச் சுற்றி அரைபட்ட அலுமினியம் கருப்புப் பசையாக அப்பியிருந்தது, பின்னல் அங்கே மட்டும் கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஓட்டையைக் கண்ணால் காண முடியவில்லை. துண்டை வெட்டி எடுத்து ஒரு பக்கம் அடைத்து, மறுபக்கம் ஊதி, தண்ணீரில் முக்கியபோது ஊசிமுனைக் குமிழிகள் ஒவ்வொன்றாக வந்தன.

இதில் எனக்கு உறுத்தியது, எந்தச் சாமானும் தரமில்லாதது அல்ல என்பதுதான். பைப் நல்ல பைப், ஹோஸ் நல்ல ஹோஸ். தனித்தனியாகச் சோதித்திருந்தால் இரண்டும் தேறியிருக்கும். பைப்பைக் கொன்றது அதன் பக்கத்து வீட்டுக்காரன். நானோ இதற்கு முன் பைப்பின் பலத்தைப் பற்றித்தான் மணிக்கணக்கில் படித்திருந்தேன்.

எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு ஆபத்து

துளை வழியே பாயும் திரவத்துக்கான எளிய சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன். 3 பார் அழுத்தத்தில் பெட்ரோல் துளையை விட்டு விநாடிக்குச் சுமார் 28 மீட்டர் வேகத்தில் வெளியேறும். மணிக்கு 100 கிலோமீட்டர். 0.1 மி.மீ. துளையானால் நிமிடத்துக்கு 8 மில்லி. அதே துளை 1 மி.மீ. ஆகிவிட்டால் நிமிடத்துக்கு 800 மில்லி, ஏனென்றால் விட்டம் பத்து மடங்கானால் பரப்பு நூறு மடங்கு. கார்புரேட்டர் வண்டியில் அழுத்தம் கால் பார் அளவுதான். அதே 1 மி.மீ. துளையில் 230 மில்லி போகும். பழைய கார்புரேட்டர் கார்களில் பழகிய கைகள் இன்ஜெக்டர் வண்டியில் தவறுவது இந்த வித்தியாசத்தில்தான். அங்கே சொட்டு, இங்கே பீச்சு.

பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 சதவீதம் முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் எரியும். கேட்க அகலம் குறைவாகத் தெரியும். ஆனால் 100 மில்லி பெட்ரோல் முழுக்க ஆவியானால் ஒரு கன மீட்டருக்கு மேற்பட்ட காற்றை எரியும் கலவையாக்கப் போதும், கிட்டத்தட்ட என் வண்டியில் இரண்டு பேர் உட்காரும் இடம். ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், அதனால் மேலே போகாமல் பள்ளத்தில் தேங்கும். டனல் என்பது தலைகீழாகக் கவிழ்த்த தொட்டி என்று நினைத்திருந்தேன். அடியில் தகடு அடித்த பிறகு அது மூடிய தொட்டி.

பற்றவைக்கும் பொருளுக்கு வருவோம். பைப்பைப் பற்றிப் பேசினாலே எல்லோரும் கேட்பது 'சைலன்சரிலிருந்து எவ்வளவு தூரம்?' என்றுதான். கேட்க வேண்டிய கேள்வி, ஆனால் முதல் கேள்வி அல்ல. ஆய்வகத்தில் பெட்ரோல் தானாகப் பற்றும் வெப்பநிலை 250 முதல் 280 டிகிரி. திறந்த இடத்தில், காற்று ஓடும்போது, சூடான உலோகம் அதைவிடப் பல நூறு டிகிரி கூடுதலாக இருந்தால்தான் பற்றும். மின்பொறிக்கோ கால் மில்லிஜூல் போதும். கதகதப்பான கம்பளியைக் கழற்றும்போது விரலில் சுருக்கென்று அடிக்கும் பொறியில் அதைவிட அதிகம் இருக்கும்.

என் டனலில் ஊசித்துளைக்கு 4 செ.மீ. கீழே போனது பேட்டரி கேபிள். ஸ்டார்ட்டர் கேபிள் என்பதால் ஃபியூஸ் இல்லை. பெட்ரோல் பட்டுப் பட்டு அந்த இடத்தில் அதன் மேலுறை நிறம் வெளுத்து விறைத்திருந்தது. கிளட்ச் ஹோஸின் பின்னலோ சேஸிஸோடு மின்தொடர்பில் இருந்தது. அரம் ஒரு விரல்கடை தள்ளி உட்கார்ந்திருந்தால் பைப்புக்குப் பதில் கேபிளை அறுத்திருக்கும். இரண்டையும் அறுக்கவும் அதற்கு நேரம் இருந்தது. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

மறுபடி போட்டது

அடுத்த இரண்டு வாரம் வண்டியைத் தொடாமல் ஒரு நோட்டில் எழுதினேன். டேங்கிலிருந்து ரெயில் வரை சாத்தியமான ஒவ்வொரு பாதைக்கும், 30 செ.மீ.க்கு ஒரு முறை, ஒரு சாண் சுற்றளவுக்குள் என்னென்ன இருக்கிறது, அதில் எது நகரும், எது சுடும், எதில் மின்சாரம் ஓடும், எங்கே கூர்முனை இருக்கிறது என்று ஒரு கணக்கு. நிற்கிற வண்டியைப் பார்த்து எழுதினால் தப்பாக வரும். சஸ்பென்ஷனை முழுக்கத் தொங்கவிட்டும் முழுக்க அமுக்கியும் பார்த்தேன். நண்பர் ஒருவர் நீளக் கம்பியை வைத்து இன்ஜினை இரண்டு பக்கமும் நெம்ப, நான் சுண்ணக்கட்டியால் குறித்தேன். இன்ஜினின் மேல்பகுதி 25 மி.மீ. வரை போய் வந்தது. நண்பர், "இது இன்ஜினா, ஊஞ்சலா?" என்றார்.

டனல் அந்தக் கணக்கிலேயே அடிபட்டது. கிளட்ச் ஹோஸை ஒதுக்கிக் கட்டியிருக்கலாம், கேபிளை மாற்றியிருக்கலாம். ஆனால் புரொப்பெல்லர் ஷாஃப்டை என்ன செய்வது? அதன் யுனிவர்சல் ஜாயின்ட் உடைந்தால் ஷாஃப்ட் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றில் டனலுக்குள் சாட்டையாய்ச் சுழலும். அதைத் தாங்கப் பாதுகாப்பு வளையம் போட்டிருக்கிறேன், ஆனால் வளையம் காப்பது பயணிகளை. இரண்டு விரல் தள்ளிப் போகும் பைப்பை அல்ல. நல்ல இரும்புக் குழாய்க்குள் பைப்பைச் செலுத்தி டனலிலேயே விடுபவர்கள் உண்டு. தப்பென்று சொல்ல மாட்டேன், உள்ளே நடப்பதைப் பார்க்க முடியாது என்பதால் எனக்கு ஒப்பவில்லை.

புதுப் பாதை, சைலன்சருக்கு எதிர்ப்பக்கம், சேஸிஸின் கீழ்ப் பக்கவாட்டுக் குழாயின் உள் ஓரம். குழாயின் அடிமட்டத்துக்குக் கீழே பைப் எங்கேயும் தொங்காது. வண்டி தரை தட்டினாலும் முதலில் தட்டுவது சேஸிஸ். முன்னால் வந்ததும், இன்ஜினையும் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தடுப்புச் சுவரின் நடுவில் ஏறாமல் மூலையில் ஏறுகிறது. நடுவில் இன்ஜினுக்குப் பின்னால் விட்டால், முன்னே மோதும்போது இன்ஜின் பின்னே நகர்ந்து சுவரோடு சேர்த்துப் பைப்பை நசுக்கும். பேட்டரி கேபிள் எதிர்ப்பக்கம் போனது. பைப்பை அது கடக்கும் ஒரே இடத்தில் வயர் மேலே, பைப் கீழே, இரண்டும் தனித்தனிக் கிளிப்பில். விமானங்களிலும் மின்வயர்களைத் திரவக் குழாய்களுக்கு மேலேதான் விடுகிறார்கள். கசிவது வயர் மேல் சொட்டாது.

பைப் இந்த முறை செம்பு-நிக்கல் கலவை, பிரேக் பைப்புகளில் வரும் 90:10 வகை. கையால் வளையும், துருப் பிடிக்காது. தனிச் செம்பு வேண்டாம். அதிர அதிர விறைத்து, முனை விரிந்த இடத்தில் வெடிக்கும். அலுமினியத்தை நான் முழுக்கக் குற்றம் சொல்லவில்லை, உரசலுக்கு அது மிகச் சீக்கிரம் பணிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

பெரிய மாற்றம் இன்னொன்று. ரெகுலேட்டரை ரெயிலிலிருந்து எடுத்து டேங்க் பக்கம் கொண்டுபோனேன். திரும்பும் பெட்ரோல் அங்கேயே திரும்பிவிடும்; முன்னே போவது ஒரே பைப். செவ்ரலே கார்வெட் காரில் வந்த, ஃபில்டரும் ரெகுலேட்டரும் ஒன்றாகச் சேர்ந்த சாமானை வீட்டில் கார் கட்டுபவர்கள் விரும்பி வாங்குவது இதற்காகத்தான். அது 58 பிஎஸ்ஐ, அதாவது 4 பார். நான் 3 பார் ரெகுலேட்டர் தனியாகவும் ஃபில்டர் தனியாகவும் போட்டேன். பைப் பாதி, ஜாயின்ட் பாதி, இன்ஜின் சூட்டில் வெந்த பெட்ரோல் டேங்குக்குத் திரும்பி வருவதும் இல்லை. விலை என்னவென்றால், ரெகுலேட்டருக்கு இன்டேக் (இன்ஜின் காற்றை உறிஞ்சும் குழாய்) வெற்றிடத்தோடு தொடர்பு போய்விடும். ஐடிலில் இன்ஜெக்டரின் இரு பக்க அழுத்த வேறுபாடு 3 பாரிலிருந்து 3.6 பார் அளவுக்கு ஏறும், பெட்ரோல் சுமார் 10 சதவீதம் கூடுதலாகப் பாயும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவில் அதற்கு ஏற்ப மேப்பை, அதாவது பெட்ரோல் அளவுப் பட்டியலை, மாற்றினேன். வெயிலில் நிறுத்தி எடுத்தால் ஸ்டார்ட் ஆக ஒரு விநாடி கூடுதலாகிறது. பரவாயில்லை.

உட்காரும் இடத்துக்குள் ஒரு ஜாயின்ட்கூட இல்லை. டேங்க் பக்கம் ஒன்று, இன்ஜின் பக்கம் ஒன்று, இடையில் ஒரே துண்டு. வளையும் ஹோஸ் அந்த இரண்டு முனையில் மட்டும். இன்ஜின் முனையில் அந்த 25 மி.மீ. ஆட்டத்துக்கு இழுபடாமல் இருக்க ஒரு தளர்ந்த வளைவு விட்டேன். ஹோஸ் மீது அச்சிட்டதைப் படிக்காமல் வாங்காதீர்கள். எஸ்ஏஇ ஜே30 என்பது பெட்ரோல் ஹோஸ்களுக்கான தரக்குறியீடு, அதில் ஆர்9 வகை இன்ஜெக்டர் வண்டிக்கானது. ஆர்7 வகையின் வேலை அழுத்தம் 50 பிஎஸ்ஐ, சுமார் 3.4 பார், 3 பாருக்குப் போதுமே என்று தோன்றும், கைமிச்சம் ஏதும் இல்லை. டேங்குக்குள் மூழ்கிக் கிடக்க ஆர்9கூட உதவாது, அதன் வெளிப்புறம் பெட்ரோலில் ஊறத் தயாரித்ததல்ல, அதற்கு ஆர்10. டெஃப்லான் உள்ள ஹோஸ் வாங்கினால் மின்கடத்தும் கரி கலந்த உள்சுவர் உள்ளதாக வாங்குங்கள். இல்லாவிட்டால் பாயும் பெட்ரோலே நிலைமின்னைச் சேர்த்து உள்ளிருந்து ஊசித்துளை போடும்.

ஹோஸ் ஏறும் பைப் முனையில் ஒரு புடைப்பு வேண்டும். வெறும் முனையில் கிளாம்பை எவ்வளவு முறுக்கினாலும் ஒரு நாள் வழுக்கும். கிளாம்ப் பட்டையில் துளைப்பற்கள் உள்ள சாதாரண வகை, ரப்பரை அந்தத் துளைகள் வழியே துருவும். விளிம்பு மடித்த, துளையில்லாத இன்ஜெக்டர் கிளாம்ப்தான் இங்கே. ஸ்க்ரூ ஜாயின்ட்களில் ஒரு ஏமாற்று உண்டு: விமானங்களிலிருந்து வந்த ஏஎன் வகையில் முனையின் சரிவு 37 டிகிரி, பல கார் பைப் ஜாயின்ட்களில் 45 டிகிரி. இரண்டும் மரையில் ஏறி இறுகியதுபோல் நடிக்கும், ஒரு மெல்லிய வட்டத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். கசிகிறதே என்று அங்கே டெஃப்லான் டேப் சுற்றுவது வியாதியை மறைப்பது. டேப்பின் நூல் பிய்ந்தால் இன்ஜெக்டருக்குப் போகும்.

பைப்பைப் பிடிப்பது ரப்பர் உள்ள பி-கிளிப், 30 செ.மீ.க்கு ஒன்று, வளைவுகளின் இரு பக்கமும் கூடுதலாக ஒன்று. கேபிள் டை ஒன்றுகூட இல்லை. டை பொருட்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டும். எனக்கு வேண்டியது அவற்றைப் பிரித்துப் பிடிக்கும் சாமான்.

மின்பக்கத்தில் பம்ப் முன்பு சாவியோடு நேரே இணைந்திருந்தது. இன்ஜின் நின்றாலும் சாவி திரும்பியிருக்கும் வரை ஓடும். மணிக்கு 100 லிட்டர் தள்ளும் பம்ப், பைப் அறுந்த வண்டியில் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் கொட்டும். இப்போது ரிலேவை இசியூ கட்டுப்படுத்துகிறது. இன்ஜின் சுற்றும் சிக்னல் இல்லையென்றால் இரண்டு விநாடியில் பம்ப் நிற்கும். கூடவே மோதலில் துண்டிக்கும் இனர்ஷியா ஸ்விட்ச், கை எட்டும் இடத்தில். காற்றுப்போக்கி ஹோஸில் கவிழ்ந்தால் மூடும் வால்வு வைத்தேன்.

சோதனை

பெட்ரோலே பார்க்காத புது பைப் என்பதால் முதலில் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஏற்கெனவே பெட்ரோல் ஓடிய பைப்பில் இதைச் செய்யாதீர்கள். உள்ளே எரியும் கலவையை நீங்களே அடைப்பீர்கள். பிறகு பேட்டரியைக் கழற்றி வைத்து, திறந்த வெளியில், நுரைத் தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்து இரண்டு லிட்டர் மட்டும் ஊற்றினேன். பேட்டரியை மாட்டி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பம்பை மட்டும் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொரு ஜாயின்டையும் வெள்ளைத் தாளால் ஒற்றினேன். அணைத்த பிறகு அரை மணி நேரத்தில் முள் 3 பாரிலிருந்து 2.7க்கு வந்தது. அது பம்ப் வால்வின் இயல்பான கசிவு. பம்ப் பக்கம் நெரித்ததும் நின்றுவிட்டது.

எல்லா கிளிப் ஓரத்திலும் பைப் மீது மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு போட்டேன். கோடு கலைந்தால் அங்கே ஏதோ நகர்கிறது. 50 கிலோமீட்டரிலும் 500லும் எல்லாம் அப்படியே இருந்தன. 1,100ஐத் தாண்டிய அன்று மனசு கேட்காமல் இருக்கைகளைக் கழற்றிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. 3,000த்தில் பின்பக்க இடது கிளிப்புக்கு அருகே மஞ்சள் கோடு பாதி அழிந்து, உலோகம் லேசாக மின்னியது. சக்கரம் முழுக்கத் தொங்கும்போது மட்டும் ஹேண்ட்பிரேக் கேபிள் வந்து அங்கே தொடுகிறது. கேபிளின் பிடிப்பானை 15 மி.மீ. உள்ளே தள்ளி வைத்து, கோட்டை மறுபடி போட்டிருக்கிறேன்.